முருகன் பதக்கமும் மேசன்மாரின் நட்சத்திரமும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மம்மா கொடுத்த தங்கப் பதக்கத்தில் இரண்டு முக்கோணங்கள் ஒன்றையொன்று வெட்டுகிற ஆறுமுனை நட்சத்திரம் இருக்கிறது, நடுவில் வேல், முனைகளில் ச, ர, வ, ண, ப, வ என்று ஆறு எழுத்து. வேலை செய்யும் இடத்தில் ஒரு தோழி அதைப் பார்த்துவிட்டு, இது இரகசியச் சங்கங்களின் சாத்தான் குறி, கழற்றி வை என்றாராம். வீட்டுக்கு வந்து சொன்னால் மாமா, அதெல்லாம் இல்லை, நம்முடைய அறுகோணத்தைத்தான் யூதர்களும், ஃபிரீமேசன்மார் என்ற மேற்கத்திய சகோதரச் சங்கத்தாரும் எடுத்துக்கொண்டு போனார்கள் என்கிறாராம். இதில் எது சரி என்று கேட்கிறார்.

இரண்டும் பிழை, தங்கச்சி. ஆனால் இரண்டு பேரும் பிழை விட்ட இடம் ஒன்றுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு சின்னத்துக்கு மூன்று வயது உண்டு. அந்த வடிவம் எப்போதிருந்து இருக்கிறது என்பது ஒன்று. இன்று அதற்குச் சொல்லும் பொருளை யார் எப்போது கொடுத்தார் என்பது இன்னொன்று. அதைத் தன் அடையாளமாக வைத்திருக்கும் சங்கம் எப்போது தொடங்கியது என்பது மூன்றாவது. பெரும்பாலான சங்கங்கள் முதலாவது வயதைக் காட்டித் தங்கள் வயதைக் கூட்டிக்கொள்கின்றன. நாலாயிரம் வருடத்துக்கு முந்திய எகிப்தியச் சுவரில் ஒரு வடிவம் இருக்கும், 1915 இல் தொடங்கிய ஒரு சங்கத்தின் கடிதத் தலைப்பிலும் அதே வடிவம் இருக்கும், உடனே "நாங்கள் எகிப்திலிருந்து வருகிறோம்" என்று எழுதிவிடுவார்கள். உங்கள் தோழி செய்ததும் இதுதான், மாமா செய்ததும் இதுதான், கணக்கு மட்டும் ஆளுக்கொரு பக்கம்.

என் அப்பா செட்டியார் தெருவில் நகைக்கடைக்குச் சித்திர வேலை செய்தவர். சின்ன வயதில் பள்ளி விட்டதும் அவருடைய பட்டறையில்தான் இருப்பேன். அறுகோணம் போட அவர் கையில் எடுத்தது கவராயம் மட்டும்தான். ஒரு வட்டம் கீறுவார், கவராயத்தை விரித்த அதே அளவில் வைத்துக்கொண்டு வட்டத்தின் விளிம்பில் ஒவ்வொரு எட்டாக எடுத்து வைத்துப் போவார், சரியாக ஆறாவது எட்டில் புறப்பட்ட புள்ளிக்கே வந்து நிற்கும். ஒன்று விட்டு ஒரு புள்ளியை இணைத்தால் ஒரு முக்கோணம், மிச்சம் மூன்றை இணைத்தால் இன்னொன்று. அளவுகோலும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். ஒரு முளையும் கயிறும் இருந்தால் மணலிலேயே போடலாம். எந்த நாட்டிலாவது ஒரு தச்சனோ கொத்தனோ பத்தரோ வட்டம் கீறத் தெரிந்துகொண்டால், அவனுக்கு இந்த நட்சத்திரம் கிடைத்தே தீரும். அதனால் அது ஓரிடத்தில் பிறந்து மற்ற இடங்களுக்கெல்லாம் போனது என்று காட்ட வேண்டுமானால், வெறும் ஒற்றுமை போதாது. போன வழியைக் காட்ட வேண்டும்.

யூதர்களை எடுங்கள். கலிலேயாவில் கப்பர்நகூம் என்ற ஊரின் பழைய ஜெபாலய இடிபாட்டில் ஆறுமுனை நட்சத்திரம் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது, ஆனால் கூடவே ஐந்துமுனை நட்சத்திரமும் இருக்கிறது, இரண்டும் அலங்காரம். 1008 ஆம் ஆண்டளவில் கெய்ரோவில் எழுதி முடித்த எபிரேய வேதப் பிரதியில் ஒரு முழுப்பக்கச் சித்திரமாக வருகிறது, அதுவும் அலங்காரம்தான். அரபு உலகத்தில் இதே வடிவம் சுலைமான் நபியின் மோதிர முத்திரை என்ற பெயரில் தாயத்துகளிலும் பாத்திரங்களிலும் வந்தது, முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் யூதர்களும் எல்லோரும் போட்டார்கள். யூத சமூகத்தின் பொது அடையாளமாக அது மாறியது பிராக் நகரத்திலிருந்து தொடங்கி, 17 ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு பரவித்தான். 1897 இல் பாசல் நகரில் கூடிய சியோனிச மாநாடு அதை எடுத்துக்கொண்டது, 1948 இல் ஒரு நாட்டின் கொடியில் ஏறியது. இதையெல்லாம் தேடி எழுதியவர் கெர்ஷோம் ஷோலம் என்ற யூத அறிஞர், 1949 இல். தன் சொந்த மக்களின் கொடியில் இருக்கும் சின்னத்தைப் பற்றி, அது தாவீது ராசா காலத்தது இல்லை என்று அந்த நாடு பிறந்த மறு வருடமே எழுதினார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

நம் பக்கம் அதே வடிவம் பூசைக்கு வரையும் யந்திரங்களில் வருகிறது. மேல் நோக்கிய முக்கோணம் சிவம், கீழ் நோக்கியது சத்தி, இரண்டும் சேர்ந்தால் ஆறு கோணம், ஆறு எழுத்து, ஆறுமுகன். உங்கள் பதக்கத்தின் பொருள் இது முழுக்க நம்முடையது. சுலைமான் முத்திரையிலோ பிராக் யூதர்களின் அடையாளத்திலோ இந்தப் பொருளின் சாயல்கூட இல்லை, அதே மாதிரி அவர்களுடைய பொருள் எதுவும் நம்முடையதற்குள் வரவில்லை. ஒரே கவராயத்தால் கீறிய இரண்டு வேறு சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஃபிரீமேசன்மார். கொழும்பில் அவர்களுடைய மண்டபம் காலிமுகத்திடலில் இருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது, அந்தப் பக்கம் போன எல்லோருக்கும் அதைப் பற்றி ஒரு கதை தெரிந்திருக்கும். அவர்களுடைய முதன்மைச் சின்னம் ஆறுமுனை நட்சத்திரமே இல்லை. மூலைமட்டமும் கவராயமும்தான். அறுகோணம் ரோயல் ஆர்ச் என்ற அவர்களுடைய ஒரு பிரிவில், 18 ஆம் நூற்றாண்டில் வந்த பிரிவில், சாலமோன் தேவாலயக் கதையோடு சேர்ந்து வருகிறது. அங்கே அது போனது சுலைமான் முத்திரை வழியாக. முருகனிடமிருந்து போனதாகக் காட்ட ஒரு தாள் இல்லை.

மூலைமட்டமும் கவராயமும் எங்கிருந்து வந்தன என்பதற்கு நம் ஊர்ப் பேச்சிலேயே பதில் இருக்கிறது. வீடு கட்ட வருகிறவரை நாம் இன்றும் மேசன் பாஸ் என்றுதான் கூப்பிடுகிறோம், அவருடைய பையில் இருக்கும் சாமான்கள்தான் இந்தச் சங்கத்தின் கொடியில் இருக்கின்றன. ஸ்கொட்லாந்தில் உண்மையான கல் வேலைக்காரரின் சங்கங்கள் 16 ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுத்து மூலம் விதிகள் வைத்திருந்தன, எடின்பரோவில் 1599 இல் இருந்து கூட்டக் குறிப்புகள் இருக்கின்றன. அப்புறம் மெல்ல மெல்லக் கல்லைத் தொடாத கனவான்கள் உள்ளே வந்தார்கள். எலியாஸ் ஆஷ்மோல் என்ற பழம்பொருள் ஆராய்ச்சிக்காரர் தான் 1646 இல் சேர்ந்ததை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மேசன்மாரின் லண்டன் பேரவை 1717 யூன் 24 ஆம் தேதி ஒரு மதுக்கடையில் தொடங்கியது என்பது அவர்களுடைய வழக்கமான கணக்கு, இப்போது சில வரலாற்றாளர்கள் அது 1721 என்கிறார்கள், ஏனென்றால் 1717 கதையை முதலில் எழுதியவர் அவர்களுடைய விதிநூலை எழுதிய ஜேம்ஸ் அண்டர்சன், அவர் எழுதியது 1738 இல். சாலமோன் தேவாலயம், எகிப்து என்ற கதைகள் பழைய கல்வேலைக்காரரின் ஏடுகளிலேயே இருந்தன, அண்டர்சனும் அவருக்குப் பின் வந்தவர்களும் அவற்றின் மேல் மாடிகள் கட்டினார்கள். 1736 இல் பாரிசில் ராம்சி என்பவர் ஒரு பேருரையில் சிலுவைப்போர் வீரர்களைக் கொண்டுவந்தார், அடுத்த இருபது வருடத்துக்குள் ஜெர்மனியில் அது டெம்ப்ளர் என்ற துறவிப் போர்வீரர் சங்கத்தின் கதையாகிவிட்டது.

இங்கே ஒரு விடயம் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது. சீனாவில் ஹான் அரசர் காலத்துச் சிற்பங்களில், அதாவது கிட்டத்தட்ட 1,900 வருடத்துக்கு முன்பே, ஃபூசி, நூவா என்று பாம்பு வாலுடைய இரண்டு தெய்வங்கள் வருகின்றன. ஒருவர் கையில் மூலைமட்டம், மற்றவர் கையில் கவராயம். நில வடிவம் சதுரம், வான வடிவம் வட்டம், ஆகவே சதுரத்துக்கு ஒரு கருவி, வட்டத்துக்கு ஒரு கருவி. இதை யூடியூபில் காட்டி, பாருங்கள், மேசன்மார் சீனாவிலும் இருந்தார்கள் என்கிறார்கள். எடின்பரோ கல்வேலைக்காரருக்கும் ஹான் சிற்பிக்கும் நடுவில் ஒரு ஆள், ஒரு கடிதம், ஒரு கப்பல் கிடையாது. வீடு கட்டுகிற எல்லா இனத்துக்கும் நேர்மூலையும் வட்டமும் தேவை, இரண்டு கருவியையும் எல்லோரும் மரியாதையாகத்தான் பார்த்திருக்கிறார்கள். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இப்போது மாமாவுக்குக் கொஞ்சம் ஆறுதலான இடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உண்மையிலேயே இந்தியப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு போன சின்னங்களும் உண்டு. கோட்டை புகையிரத நிலையத்துக்கு முன்னால் நிற்கிற ஒல்கொட் சிலையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவரும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் 1875 இல் நியூயோர்க்கில் தொடங்கியதுதான் பிரம்மஞான சபை, 1880 மே மாதம் இருவரும் காலியில் வந்து இறங்கிப் பஞ்சசீலம் எடுத்தார்கள். அந்தச் சபையின் முத்திரையில் தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு, அதற்குள் ஆறுமுனை நட்சத்திரம், நடுவில் எகிப்திய வளையச் சிலுவை, பாம்பின் தலைக்கு மேல் ஸ்வஸ்திகம், எல்லாவற்றுக்கும் உச்சியில் ஓம். பார்த்தவுடனே, அறுகோணமும் ஸ்வஸ்திகமும் ஓமும் இருக்கிறதே, இது நம்முடையதுதானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனி வழியாக வந்தது. ஓம் பிறகு சேர்ந்தது. சத்தியத்துக்கு மேலான தர்மம் இல்லை என்ற வாசகம் காசி மகாராசா குடும்பத்தின் வாசகம், அதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பாம்பும் நட்சத்திரமும் சேர்ந்த உருவமோ, 1850களில் பிரான்சில் எலிபாஸ் லெவி என்ற மாந்திரீக எழுத்தாளர் தன் புத்தகத்தில் சாலமோனின் பெரிய சின்னம் என்று போட்ட படத்துக்கு மிகக் கிட்ட நிற்கிறது, பிளாவட்ஸ்கி அவருடைய புத்தகங்களைத் திரும்பத் திரும்ப எடுத்தாண்டவர். முத்திரையின் முதல் வடிவம் அவர்கள் இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே இருந்தது. ஆகவே நான் அந்த நட்சத்திரத்தை லெவியின் கணக்கில்தான் எழுதுவேன், நம்முடைய கணக்கில் இல்லை. வாலை விழுங்கும் பாம்பு மட்டும் நிச்சயமாக எகிப்து, துட்டன்காமன் கல்லறையில் இருந்த பேழையிலேயே இருக்கிறது.

ஸ்வஸ்திகம் பற்றி இரண்டு வார்த்தை. நாஜிகள் அதைத் திருப்பிப் போட்டதால்தான் அது கெட்டது, நம்முடையது மறுபக்கம் திரும்பியது என்று ஒரு பேச்சு எப்போதும் வரும். பிழை. நம் நாடுகளில் இரண்டு திசையிலும் உண்டு. ஜெர்மன்காரரிடம் அது பரவியதில் 1870களில் ஷ்லீமன் என்ற ஜெர்மன் ஆராய்ச்சிக்காரர் ட்ரோய் என்ற பழைய நகரத்தில் தோண்டி எடுத்த பாண்டங்களுக்குப் பெரிய பங்கு, அங்கிருந்து இனவெறிச் சங்கங்களுக்குப் போய் 1920 இல் கட்சிக்கொடி ஆனது. அந்தச் சங்கங்களில் பிரம்மஞான எழுத்துகளை வாசித்தவர்களும் இருந்தார்கள், அது வருத்தமான விடயம், ஆனால் நடந்தது.

மாமாவுக்கு நான் கொடுக்கக்கூடிய உறுதியான உதாரணம் வேறொன்று. 1888 இல் லண்டனில் பொன்னுதயச் சங்கம் என்று ஒன்று தொடங்கியது, கோல்டன் டோன் என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். இன்று மேற்கில் இருக்கும் மந்திரச் சங்கங்களில் பல அதன் பிள்ளைகள் அல்லது பேரப்பிள்ளைகள். அதில் சேர்ந்தவர்கள் தியானத்துக்குத் தத்துவ அட்டைகள் என்று ஐந்து வர்ண வடிவங்களை வைத்திருந்தார்கள். மண்ணுக்கு மஞ்சள் சதுரம், நீருக்கு வெள்ளிப் பிறை, தீக்கு சிவப்பு முக்கோணம், காற்றுக்கு நீல வட்டம், ஆகாயத்துக்குக் கரிய முட்டை. பெயர்கள்கூட பிருதிவி, அப்பு, தேயு, வாயு, ஆகாசம்தான். இது எங்கிருந்து போனது என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் நம்மிடமிருந்தா? திருவதிகை மனவாசகங்கடந்தார் செய்த உண்மை விளக்கம் மெய்கண்ட சாத்திரம் பதினான்கில் ஒன்று, 13 ஆம் நூற்றாண்டு நூல். சைவசமய பாடம் ஒழுங்காகப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், அதில் மண் நாற்கோணம், நீர் பாதி மதி, தீ முக்கோணம். இதுவரை ஒன்றுதான். ஆனால் காற்று அறுகோணம், ஆகாயம் வட்டம். லண்டன்காரரிடம் காற்று வட்டம். பரீட்சையில் பார்த்து எழுதின பிள்ளையை ஆசிரியர் எப்படிப் பிடிப்பார்? சரியான விடையை வைத்துப் பிடிக்க முடியாது, அது எல்லோருக்கும் ஒன்றுதான். பிழையும் வித்தியாசமும் யாருடையதோடு ஒத்துப் போகிறது என்று பார்த்துத்தான் பிடிப்பார். இங்கேயும் அப்படித்தான். காற்றுக்கு வட்டம் சொல்வது சிவ சுவரோதயம் என்ற வடமொழி மூச்சு சாத்திரம். அதை இராம பிரசாத் என்ற வட இந்தியர் ஆங்கிலத்தில் விளக்கி எழுத, பிரம்மஞான சபைக்காரர் 1890 இல் லண்டனில் அச்சிட்டார்கள், அதைத்தான் பொன்னுதயச் சங்கம் எடுத்தது. ஆகவே கடன் உண்டு, ஆனால் கடன் கொடுத்தவர் தமிழ்ச் சித்தாந்தி இல்லை. எல்லாம் நம்மிடமிருந்து போனது என்று பொதுவாகச் சொல்வதைவிட, இன்ன நூலில் இருந்து இன்ன வருடம் இன்னார் கையால் போனது என்று சொன்னால் ஒருவரும் மறுக்க முடியாது. நம் காற்றுக்கு அறுகோணம் என்பதைக் கவனித்தீர்களா, தங்கச்சி? உங்கள் பதக்கத்தின் வடிவத்துக்கு நம் சைவ மரபிலேயே முருகனுக்குப் புறம்பாக இப்படியும் ஒரு இடம் இருக்கிறது.

இதில் கொழும்புக்கும் ஒரு பங்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் இல்லை. அலன் பெனற் என்ற பொன்னுதயச் சங்கத்து இளைஞர், ஈளை நோயாளி, 1900 இல் இலங்கைக்கு வந்தார். இங்கே அவர் பொன்னம்பலம் இராமநாதனின் வீட்டில் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்து, இராமநாதனிடமே யோகம் படித்தார். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் எழுப்பிய அதே இராமநாதன், அப்போது அரசாங்கத்தின் சொலிசிற்றர் ஜெனரல், ஸ்ரீ பரானந்தா என்ற பெயரில் மத்தேயு நற்செய்திக்கு யோக நோக்கில் உரை எழுதியவர். அடுத்த வருடம் பெனற்றைத் தேடி அவருடைய மாணவர் அலிஸ்டர் குரோலியும் வந்தார், இருவரும் கண்டியில் ஒரு பங்களா எடுத்து யோகம் பழகினார்கள். பெனற் பிறகு பர்மாவுக்குப் போய் ஆனந்த மெத்தேய்ய என்ற பிக்கு ஆனார், குரோலி ஊர் திரும்பிப் பெரிய மந்திரவாதி என்று பெயர் எடுத்தார். இருபதாம் நூற்றாண்டு மேற்கத்திய மந்திரச் சங்கங்களுக்குள் யோகப் பயிற்சி நுழைந்த கதவுகளில் ஒன்று ஒரு கொழும்புத் தமிழரின் வீடு. ஆனாலும், தத்துவ அட்டைகளை இராமநாதன் கொடுத்தார் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். பெனற் கப்பல் ஏறுவதற்கு முன்பே அவை லண்டனில் இருந்தன. அவர் இங்கே கற்றது பயிற்சி, வடிவம் இல்லை.

இனி உங்கள் தோழியின் பயம். அதை நான் அலட்சியம் செய்யவில்லை, பயப்படுகிறவருக்கு அது உண்மையான பயம்தான். ஆனால் சாத்தான் குறி என்று அவர்கள் நினைப்பது பெரும்பாலும் ஐந்துமுனை நட்சத்திரம், அதிலும் இரண்டு முனை மேலே பார்க்கத் திருப்பிப் போட்டது. உங்களுடையது ஆறுமுனை. அதைத் திருப்பினாலும் அதேதான் வரும், தலைகீழ் என்பதே அதற்குக் கிடையாது. ஐந்துமுனையின் கதையும் அவர் நினைப்பது போல இல்லை. பைதாகரசின் சீடர்கள் அதை உடல்நலத்தின் அடையாளமாக வைத்திருந்தார்கள். 14 ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதை ஒன்றில் கவெயின் என்ற வீரனுடைய கேடயத்தில் அது இருக்கிறது, அங்கே அது குறிப்பது, மற்றவற்றோடு சேர்த்து, இயேசுவின் ஐந்து காயங்களை. ஒரு முனை மேலே என்றால் நன்மை, இரண்டு முனை மேலே என்றால் தீமை என்று பிரித்து எழுதியவர் மேலே சொன்ன அதே லெவி, 1850களில். தலைகீழ் நட்சத்திரத்துக்குள் ஆட்டுத் தலையைப் போட்ட படம் 1897 இல் ஸ்தானிஸ்லாஸ் த குவைத்தா என்ற பிரெஞ்சுக்காரரின் புத்தகத்தில் வருகிறது. சாத்தானின் பெயரில் அமெரிக்காவில் 1966 இல் தொடங்கிய ஒரு அமைப்பு அதைத் தன் முத்திரை ஆக்கியது. அதாவது அந்தப் பயங்கரமான பொருளுக்கு வயது இன்னும் இருநூறு வருடம்கூட ஆகவில்லை, அதைக் கொடுத்த ஆட்களின் பெயர் எல்லாம் தெரியும்.

ஆட்டுத் தலைச் சிலையும் அப்படித்தான், பாஃபமெட் என்பார்கள். 1307 ஒக்டோபர் 13 ஆம் தேதி பிரான்சு ராசா நாலாம் பிலிப் டெம்ப்ளர் வீரர்களை ஒரே நாளில் பிடித்தான், அவர்களிடம் நிறையக் கடன் பட்டிருந்தவன். சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலங்களில் ஏதோ ஒரு தலையை வணங்கினோம் என்று வருகிறது. ஒருவர் தாடி வைத்த தலை என்கிறார், இன்னொருவர் மூன்று முகம் என்கிறார், வேறொருவர் பூனை என்கிறார். அடித்துக் கேட்டால் அப்படித்தான் வரும், அதை இந்த நாட்டில் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெயரோ, முகமது என்பதைப் பிரெஞ்சுக்காரர் அந்தக் காலத்தில் சிதைத்துச் சொன்ன வடிவம் என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் கருத்து, 1098 இல் ஒரு சிலுவைப்போர் வீரன் எழுதிய கடிதத்திலேயே முஸ்லிம்கள் கூப்பிட்டு வேண்டியவர் என்ற பொருளில் வருகிறது. ஆட்டுத்தலை, இறக்கை, மார்பு, கொம்புகளுக்கு நடுவில் தீபம் என்று நாம் பார்க்கும் படத்தை வரைந்தது மறுபடியும் லெவி. டெம்ப்ளர்கள் எரிக்கப்பட்டு ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு. செத்துப்போன அந்த மனிதர்கள் ஒருநாளும் பார்க்காத ஒரு படத்தை இன்றுவரை அவர்கள் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறோம், இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

ரோஜாவும் சிலுவையும் சேர்ந்த ரோசிக்குருசியச் சின்னத்தை மட்டும் நான் தீர்ந்த வழக்கு என்று சொல்ல மாட்டேன். 1614 இல் ஜெர்மனியின் காசல் நகரில் ஒரு சிறு புத்தகம் வந்தது, கிழக்கு நாடுகளில் ஞானம் கற்ற ரோசன்குரொய்ட்ஸ் என்பவர் தொடங்கிய இரகசியச் சகோதரர் சங்கம் ஒன்று இருக்கிறது என்று. அடுத்த வருடம் ஒன்று, 1616 இல் இன்னொன்று. மூன்றாவதை இளமையில் எழுதியவர் தான்தான் என்று ஆந்திரேயே என்ற லூத்தரன் போதகர் பின்னாளில் ஒப்புக்கொண்டார், அதை ஒரு விளையாட்டு என்றும் சொன்னார். அவருடைய குடும்பச் சின்னத்தில் ஒரு குறுக்குச் சிலுவையும் நான்கு ரோஜாவும் இருந்தன. லூத்தருடைய முத்திரையிலும் வெள்ளை ரோஜாவுக்கு நடுவில் இதயம், அதற்குள் சிலுவை. இரண்டில் எதிலிருந்து, அல்லது இரண்டிலிருந்துமா என்று இன்றும் வாதாடுகிறார்கள். ஃபிரான்சஸ் யேற்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1972 இல் ஜோன் டீ என்ற எலிசபெத் காலத்து மந்திர அறிஞரின் செல்வாக்கு என்று வாதித்தார், ஏனென்றால் 1616 புத்தகத்தில் டீயின் குறி அச்சாகி இருக்கிறது. அவர் அளவுக்கு மீறிப் போனார் என்பதுதான் பின்னால் வந்தவர்களின் தீர்ப்பு, என் கருத்தும் அதுவே, ஆனால் அந்தக் குறி அங்கே இருப்பது உண்மை. எப்படியும் இது ஜெர்மன் லூத்தரன் வீட்டுக்குள் நடந்த விவகாரம். 1915 இல் அமெரிக்காவில் தொடங்கி எகிப்து ராசா மூன்றாம் துத்மோஸ் வரை தங்கள் வேரைக் கொண்டுபோகும் சங்கத்துக்கு அதில் எந்த இடமும் இல்லை.

இன்று குறி சொல்ல எடுக்கும் டாரட் சீட்டின் கதை இன்னும் சுருக்கம். 15 ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் விளையாடிய சீட்டு. 1781 இல் கூர் த ஜெபலின் என்ற பிரெஞ்சுக்காரர் அது எகிப்தியரின் ஞானநூல் என்று எழுதினார். எகிப்திய எழுத்தை ஒருவராலும் வாசிக்க முடியாத காலம் அது, ஷம்போலியோன் வாசித்தது 1822 இல்தான். வாசித்துப் பார்த்தபோது சீட்டைப் பற்றி அங்கே ஒன்றும் இல்லை, ஆனால் கதை நின்றுவிட்டது.

இவ்வளவு தூரத்துக் கதை எதற்கு, நம் பக்கத்து ஊரிலேயே பார்க்கலாம். வெசாக் நேரத்தில் கொழும்பு முழுக்கப் பறக்கும் பௌத்தக் கொடியை ஒல்கொட் உருவாக்கினார் என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதை உருவாக்கியது 1885 இல் ஹிக்கடுவே சுமங்கல தேரர் தலைமையில் கூடிய கொழும்புக் குழு. அந்த வருடம் ஏப்ரல் 28 ஆம் தேதி, ஆங்கிலேயர் ஆட்சியில் வெசாக் முதன்முதலாகப் பொது விடுமுறை ஆன நாளில், கொட்டாஞ்சேனை தீபதுத்தமாராமயவில் ஏற்றினார்கள். ஒல்கொட் செய்தது, கொடி மிக நீளமாக இருக்கிறது, மற்றத் தேசியக் கொடிகளின் அளவுக்குக் கொண்டுவாருங்கள் என்று சொன்னதுதான், அடுத்த வருடம் அப்படி மாற்றினார்கள். நாள், இடம், ஆள் எல்லாம் எழுத்தில் இருக்கும் ஒரு சின்னம், கொட்டாஞ்சேனைச் சந்தியில் இருந்து நடந்து போய்ப் பார்க்கக்கூடிய இடம், நூற்று நாற்பது வருடம்தான் ஆகிறது, அதற்குள்ளேயே பெயர் மாறிவிட்டது. அப்படியானால் எழுத்தே இல்லாத சின்னங்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பதக்கத்தைப் பற்றி, தங்கச்சி. கழற்ற எந்தக் காரணமும் இல்லை. தோழியிடம் கோபிக்காமல், முனைகளில் இருக்கும் ஆறு எழுத்தையும் வாசித்துக் காட்டுங்கள், தமிழ் தெரியாதவர் என்றால் அது எங்கள் கடவுளின் பெயர் என்று சொன்னால் போதும். மாமாவுக்குத் தத்துவ அட்டைக் கதையைச் சொல்லுங்கள், அது அவருக்குப் பிடிக்கும். எனக்கு அறிய ஆசையாக இருப்பது வேறு. பதக்கத்தை நல்ல வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எழுத்தின் பள்ளம் ஓரிடத்தில் ஆழமாகவும் இன்னோரிடத்தில் மெலிந்தும் இருந்தால், ஒரு கோடும் மற்றதைப் போல இல்லாமல் இருந்தால், அது உளியால் கையில் வெட்டியது. எல்லாக் கோடும் ஒரே ஆழத்தில் விளிம்பு மழுங்கி இருந்தால் அச்சில் அடித்தது. வட்டத்தின் நடுவில், வேலின் தண்டுக்குப் பக்கத்தில், ஊசி குத்தியது போல ஒரு சின்னப் புள்ளி தெரிகிறதா என்றும் பாருங்கள். கவராயத்தின் முனை நின்ற இடம் அது. அப்பா எப்போதும் அதைத் தேய்த்து மறைத்துவிடுவார், ஆனால் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.